கோக்கா முதல் ஐட்ரிஸ் வரை: மிச்சவேலை யார் கையில்?

வந்த கேள்வி இது: "இரண்டு வருடமாக ஹாஸ்கெல் எழுதுகிறேன். மொனாட் டிரான்ஸ்ஃபார்மர்களை அடுக்கி அடுக்கி அலுத்துவிட்டது. கோக்கா, எஃபெக்ட், யூனிசன், ஃபிளிக்ஸ், ஐட்ரிஸ் 2, ஓகேமல் 5 என்று எல்லாமே விளைவுகளைப் பற்றிப் பேசுகின்றன. அடிப்படையில் என்ன வேறுபாடு? ஆறு மாதம் ஒதுக்கினால் எதற்கு ஒதுக்கலாம்?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கோக்காவில் தொடங்குங்கள். இரண்டு மாதம் கழித்து, அதே நிரலை எஃபெக்ட் மொழியில் திரும்ப எழுதுங்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதியவருக்கு மற்ற மொழிகள் எங்கே நிற்கின்றன என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஏன் இந்த இரண்டு என்பதுதான் மீதிப் பதில். (எஃபெக்ட் என்பது இங்கே ஒரு மொழியின் பெயர். கருத்தைச் சொல்லும்போது 'விளைவு' என்றே எழுதுகிறேன். மொனாட் டிரான்ஸ்ஃபார்மர் என்பது ஹாஸ்கெலில் விளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் உறை.)

ஒரு ஃபங்ஷன் மதிப்பைத் திருப்பித் தருவதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் அது விளைவு. திரையில் எழுதுவது, பிழை எறிவது, ஒரு மாறியை மாற்றுவது, நெட்வொர்க்கைத் தொடுவது எல்லாம் அதில் அடங்கும். முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பதும் விளைவுதான். இதை டைப்பில், அதாவது ஒரு ஃபங்ஷன் எதை வாங்கி எதைத் தரும் என்ற அறிவிப்பில், எழுத வேண்டும் என்ற எண்ணம் 1986-லேயே வந்துவிட்டது, எம்.ஐ.டி.யில் கிஃபர்டும் லூக்காசனும் அதைச் செய்தார்கள். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் அன்றாடம் பயன்படுத்திய முதல் விளைவு முறை என்றால் ஜாவாவின் செக்டு எக்செப்ஷன்தான். ஒரு மெத்தட் என்ன பிழையை எறியும் என்று அதன் தலைப்பிலேயே எழுதியாக வேண்டும். அந்த ஏற்பாடு எங்கே உடைந்தது என்று பார்த்தால், இந்தப் புது மொழிகள் எதற்காகப் பாடுபடுகின்றன என்பது தெரியும். 2014-ல் ஜாவா 8 லாம்ப்டாவை (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் ஃபங்ஷனை) கொண்டுவந்தது. ஒரு பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின்மீதும் நாம் தரும் ஃபங்ஷனை ஓட்டும் 'மேப்' எளிதாகக் கிடைத்தது. ஆனால் நாம் தரும் ஃபங்ஷன் கோப்பைப் படிக்கையில் பிழை எறியக்கூடியது என்றால், மேப்புக்குள் அதை அப்படியே கொடுக்க முடியாது. ஏனென்றால் மேப் எதிர்பார்க்கும் டைப்பில் எறிதலுக்கு இடமே இல்லை. எல்லோரும் பிழையை, தலைப்பில் எழுத வேண்டாத ரன்டைம் எக்செப்ஷனுக்குள் சுருட்டி அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். டைப்பில் எழுதியிருந்த உண்மை அத்தோடு போயிற்று.

எனவே எந்த மொழியை எடுத்தாலும் நான் வைக்கும் முதல் சோதனை மேப்தான். "நீ கொடுக்கும் ஃபங்ஷனுக்கு என்ன விளைவோ எனக்கும் அதே விளைவு" என்பதை அந்த மொழி எப்படிச் சொல்கிறது? ஹாஸ்கெல் அதைச் சரியாகச் சொல்லவில்லை. விளைவில்லாத தூய ஃபங்ஷனுக்கு ஒரு மேப், விளைவுள்ள மொனாட் ஃபங்ஷனுக்கு வேறொரு மேப் என்று இரண்டு வைத்திருக்கிறது. நீங்கள் தினமும் எழுதும் நிரலில் இந்த இரட்டை வேடம் எத்தனை இடங்களில் வருகிறது என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது சோதனைகளுக்குப் போகுமுன் ஹேண்ட்லர் என்பது என்ன என்று பார்த்துவிடலாம். பிளாட்கின், பவர் என்ற ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில் விளைவுகளை இயற்கணிதச் செயல்களாகப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். 2009-ல் பிளாட்கினும் பிரெட்னாரும் அவற்றுக்கு ஹேண்ட்லர்களைச் சேர்த்தார்கள். சுலோவேனியாவின் லியுப்லியானாவில் ஆந்திரேய் பாவரும் மத்தியா பிரெட்னாரும் உருவாக்கிய 'எஃப்' மொழி அதை ஓட்டிக் காட்டியது. ஹேண்ட்லரை நான் இப்படித்தான் விளக்குவேன். அலுவலகத்தில் ஒரு எழுத்தர் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியிருக்கிறார். ஒரு இடத்தில் அவருக்குத் தெரியாத தகவல் வேண்டும். விண்ணப்பத்தை அப்படியே மேலதிகாரியின் மேசைக்கு அனுப்புகிறார். அதிகாரி தகவலை எழுதித் திருப்பி அனுப்பலாம்; எழுத்தர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கிழித்துக் குப்பையில் போடலாம், அதுதான் எக்செப்ஷன். அல்லது இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஒரு விடை, மற்றதில் இன்னொரு விடை எழுதி, இரண்டையும் தொடரச் சொல்லலாம். விட்ட இடத்திலிருந்து இனிமேல் செய்ய வேண்டியதற்கு இத்துறையில் கன்டினியுவேஷன் என்று பெயர். நான் மிச்சவேலை என்று சொல்வேன். எக்செப்ஷன், ஸ்டேட் (மாறும் நிலை), ஜெனரேட்டர் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது), அசிங்க்-அவெய்ட் (காத்திருந்து தொடர்வது), பின்வாங்கித் தேடுதல் (ஒரு வழி அடைபட்டால் திரும்பி வேறு வழி பார்ப்பது) எல்லாமே "மிச்சவேலையை ஹேண்ட்லர் என்ன செய்கிறது" என்ற ஒரே கேள்வியின் வெவ்வேறு விடைகள். இது முதன்முதலில் புரிந்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

இதிலிருந்து இரண்டாவது சோதனை பிறக்கிறது: ஹேண்ட்லர் தன்னுடையதல்லாத விண்ணப்பத்தைப் பிடித்துவிடுமா? நீங்கள் ஒரு லைப்ரரி எழுதுகிறீர்கள். உள்ளே சொந்த வேலைக்காகப் பிழையைப் பிடிக்கும் ஹேண்ட்லர் வைத்திருக்கிறீர்கள். பயனர் தரும் ஃபங்ஷனும் அதே வகைப் பிழையை எறிகிறது. அது பயனருக்குப் போய்ச் சேர வேண்டிய பிழை. உங்கள் ஹேண்ட்லர் நடுவில் விழுங்கிவிட்டால் இருவருக்கும் ஏன் என்று விளங்காது.

மூன்றாவது சோதனைதான் கடினமானது. எழுத்தரின் கையில் ஒரு திறந்த கோப்பு இருக்கிறது. அந்த நிலையில் விண்ணப்பத்துக்கு இரண்டு நகல் எடுத்தால் கோப்பை யார் மூடுவது? நானே எழுதிய ஒரு சிறு ஹேண்ட்லர் லைப்ரரியில் இந்த இடத்தில்தான் மாட்டினேன். பின்வாங்கித் தேடும் ஒரு நிரலில் பதிவுக் கோப்பைத் திறந்துவிட்டுத் தேடலுக்குள் போனேன். முதல் கிளை முடிந்ததும் கோப்பு மூடப்பட்டது. இரண்டாவது கிளை மூடிய கோப்பில் எழுதப் போய் விழுந்தது. இரண்டு கிளைகளையும் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தவறில்லை, அதனால் தவறைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இனி மொழிகள்.

கோக்கா மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் டான் லெய்யன் உருவாக்கியது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு விளைவு என்றே பொருள். ஒவ்வொரு ஃபங்ஷனின் டைப்பிலும் மூன்று பகுதிகள் இருக்கும்: உள்ளே வருவது, வெளியே போவது, நடுவில் நடக்கும் விளைவுகளின் வரிசை. அந்த வரிசையின் கடைசியில் ஒரு மாறி நிற்கலாம். "இவையும், இன்னும் எதுவானாலும்" என்று அதற்கு அர்த்தம். மேப்பின் டைப்பில் நாம் தரும் ஃபங்ஷனின் விளைவுக்கும் மேப்பின் விளைவுக்கும் அதே ஒரு மாறிதான். ஹாஸ்கெலின் இரண்டு மேப் இங்கே ஒன்றாகிவிடுகிறது. பெரும்பாலான இடங்களில் இதை நீங்கள் எழுதக்கூட வேண்டாம், கம்பைலரே (நிரலை மொழிபெயர்க்கும் கருவி) ஊகித்துக்கொள்ளும்.

அந்த வரிசையில் ஒரே விளைவு இரண்டு முறை வரலாம் என்பது முதல் பார்வையில் வினோதமாக இருக்கும். யோசித்தால் அவசியம் புரியும். பிழை எறியக்கூடிய ஒன்றுக்குள் இன்னொரு பிழை ஹேண்ட்லர் இருந்தால் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு இருக்கத்தான் செய்கின்றன. கணம்போல (ஒவ்வொன்றும் ஒருமுறைதான் இருக்கும் தொகுப்புபோல) ஒன்றாகச் சுருக்கினால் எந்தப் பிழை யாருக்கு என்ற தகவல் போய்விடும். இரண்டாவது சோதனைக்குக் கோக்கா இப்படிப் பதில் சொல்கிறது: உள் ஹேண்ட்லரைத் தாண்டிப் போகச் சொல்ல 'மாஸ்க்' உண்டு, ஹேண்ட்லருக்குப் பெயர் வைத்து அழைக்கவும் வழி உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை எழுதுபவருக்கு இருக்க வேண்டும்.

எனக்குக் கோக்காவில் மிகவும் பிடித்தது அது உண்மையைச் சொல்லும் விதம். முடிவுக்கு வருமா என்று கம்பைலரால் உறுதி சொல்ல முடியாத ஃபங்ஷனின் டைப்பில் 'டைவ்' என்ற விளைவு சேரும். எந்த விளைவும் இல்லாதது 'டோட்டல்', அதாவது கணிதப் பொருளில் ஒரு ஃபங்ஷன். பிழையும் முடிவின்மையும் சேர்ந்ததற்குத்தான் 'ப்யூர்' என்று பெயர். ஹாஸ்கெல் 'தூய' என்று எதைச் சொல்லிவந்ததோ அதற்கு வைக்கப்பட்ட நேர்மையான பெயர் அது. மாறும் மாறியை உள்ளே மட்டும் பயன்படுத்தி வெளியே கசியவிடாத ஃபங்ஷனில் அந்த ஸ்டேட் விளைவு டைப்பிலிருந்து தானாக நீங்கிவிடும்.

செயல்வேகம் பற்றி ஒரு வார்த்தை. மிச்சவேலையைப் பிடித்து வைப்பது செலவுள்ள காரியம். ஆனால் நடைமுறையில் பெரும்பாலான ஹேண்ட்லர்கள் விடையைக் கொடுத்து உடனே தொடரச் சொல்பவைதான். கோக்காவில் அத்தகைய செயலை 'ஃபன்' என்று அறிவிக்கலாம். அப்போது அது ஏறக்குறைய சாதாரண ஃபங்ஷன் அழைப்பின் விலைக்கு ஓடும். மிச்சவேலையை உண்மையிலேயே கையில் எடுப்பதற்கு 'சிடிஎல்' என்ற வேறு சொல். படிப்பவருக்கும் இது பெரிய உதவி. எந்த ஹேண்ட்லர் சாது, எது ஆபத்தானது என்று சொல்லைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று நினைவக நிர்வாகம். பயன்படாத நினைவகத்தை ஓடும் நேரத்தில் தேடி விடுவிக்கும் குப்பை சேகரிப்பானைக் கோக்கா வைத்துக்கொள்ளவில்லை. 2021-ல் வெளியான 'பெர்சியஸ்' முறைப்படி எத்தனை பேர் ஒரு மதிப்பைப் பிடித்திருக்கிறார்கள் என்று கம்பைலரே துல்லியமாக எண்ணி, கடைசி ஆள் விட்டவுடன் நினைவகத்தை விடுவிக்கும் கட்டளைகளைச் சேர்த்து, சி மொழிக்கு மாற்றுகிறது. பட்டியலை ஒருவர் மட்டுமே பிடித்திருந்தால் மேப் புதுப் பட்டியல் கட்டுவதில்லை. பழைய செல்லிலேயே புது மதிப்பை எழுதிவிடுகிறது. மாறாத மதிப்புகளை வைத்து எழுதுகிறோம், மாற்றி எழுதும் வேகம் கிடைக்கிறது. 2023-ல் 'ஃபிப்' என்ற சொல் வந்தது. அதைப் போட்டால், உள்ளே வருபவை வேறு யாரிடமும் இல்லாதவரை இந்த ஃபங்ஷன் புதிதாக நினைவகம் கேட்காது என்பதைக் கம்பைலரே சரிபார்க்கும். இதுவும் மிச்சவேலையும் எங்கே சந்திக்கின்றன என்று கவனியுங்கள். மிச்சவேலையை இரண்டு முறை ஓட்ட வைத்திருந்தால் அது பிடித்திருக்கும் மதிப்புகளுக்கு இரண்டு உரிமையாளர்கள். அப்போது அதே இடத்தில் எழுதும் சலுகை போய், நகல் எடுப்பது வருகிறது. நிரல் சரியாகவே ஓடும், வேகம் மட்டும் மாறும்.

மூன்றாவது சோதனையில் கோக்கா பாதி மதிப்பெண் வாங்குகிறது. மிச்சவேலை கைவிடப்பட்டால் கோப்பை மூட 'ஃபைனலி' உண்டு. மறுபடி ஓட்டப்படும்போது தயார்செய்துகொள்ள 'இனிஷியலி' உண்டு. ஆனால் இரண்டும் நடக்கும்போது செய்யும் காவல். கோப்பைப் பிடித்திருக்கும் நிலையில் நகல் எடுக்காதே என்று டைப் தடுப்பதில்லை.

இப்போது எஃபெக்ட். ஜெர்மனியின் டூபிங்கனில் யோனதன் பிராக்ட்ஹாய்சரும் உடன் பணிபுரிவோரும் கட்டிவரும் மொழி. மேலோட்டமாகப் பார்த்தால் கோக்காவின் தம்பி போலத் தெரியும். அடியில் இருக்கும் பார்வை வேறு. கோக்காவின் டைப் "இந்த ஃபங்ஷன் என்னென்ன செய்யும்" என்று சொல்கிறது. எஃபெக்டின் டைப் "என்னை அழைப்பவர் எனக்கு என்னென்ன தர வேண்டும்" என்று சொல்கிறது. விளைவு என்பது ஒரு சாவி. கோப்பைத் திறக்கும் சாவி உங்களிடம் தரப்பட்டிருந்தால் திறக்கலாம், இல்லையென்றால் முடியாது.

இந்தப் பார்வை மாற்றம் மேப்பை என்ன செய்கிறது பாருங்கள். மேப்புக்கு நாம் தரும் ஃபங்ஷன் தனக்கு வேண்டிய சாவியை, அது எழுதப்பட்ட இடத்திலேயே எடுத்துக்கொண்டு வருகிறது. மேப்புக்கு அந்தச் சாவியைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மேப்பின் டைப்பில் விளைவு மாறி என்ற ஒன்றே இல்லை. புதிதாக வருபவர் பார்த்தால் சாதாரண மேப்பின் டைப்தான் இருக்கும். இரண்டாவது சோதனையும் இதே காரணத்தால் எழாமலே போகிறது. பிழை எந்த ஹேண்ட்லருக்குரியது என்பது நிரலின் எழுத்தமைப்பிலேயே, எழுதிய இடத்தை வைத்தே தீர்மானமாகிவிடுகிறது. ஓடும் நேரத்தில் அருகில் யார் நிற்கிறார்கள் என்று தேடுவதில்லை.

இதற்கு விலை உண்டு. சாவியைப் பிடித்திருக்கும் ஃபங்ஷனை, சாவி செல்லும் எல்லையைத் தாண்டி வெளியே எடுத்துப்போனால் எல்லாம் குலையும். அதனால் ஃபங்ஷன்களை எஃபெக்ட் இரண்டாம்தரக் குடிமக்களாக நடத்துகிறது. அவற்றை வாதமாகக் கொடுக்கலாம், ஆனால் திருப்பித் தரவோ ஒரு தரவுக்குள் சேமித்து வைக்கவோ நேரடியாக முடியாது. ஹாஸ்கெலிலிருந்து வரும் உங்களுக்கு முதல் வாரம் மூச்சுமுட்டும். ஃபங்ஷன்களின் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் அவற்றைப் 'பாக்ஸ்' செய்ய வேண்டும். அப்போது உள்ளே எந்தெந்தச் சாவிகள் இருக்கின்றன என்பது டைப்பில் ஏறும். 2022-ல் வந்த ஏற்பாடு இது. வேண்டும் இடத்தில் மட்டும் சிக்கலைக் கேட்கிறது, மற்ற இடங்களில் விட்டுவிடுகிறது. என் கணக்கில் இது நல்ல பேரம். நாம் எழுதும் உயர்வரிசை ஃபங்ஷன்களில் (ஃபங்ஷனையே வாதமாக வாங்குபவை) பெரும்பங்கு, வாங்கிய ஃபங்ஷனை உடனே அழைத்துவிட்டு மறந்துவிடுபவைதான்.

செய்வதைச் சொல்லும் டைப், தேவையைச் சொல்லும் டைப் என்ற இந்தப் பிரிவைத்தான் நீங்கள் கையால் எழுதி உணர வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவற்றை இதை வைத்துச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

யூனிசனின் விளைவு முறை, சாம் லிண்ட்லியும் கானர் மெக்பிரைடும் கிரெய்க் மெக்லாக்லினும் 2017-ல் கட்டுரையாக வெளியிட்ட ஃபிராங்க் மொழியிலிருந்து வருகிறது. இங்கே விளைவுக்கு 'எபிலிட்டி' என்று பெயர். ஃபங்ஷனைச் சுற்றியுள்ள சூழல் எந்தத் திறன்களை அனுமதிக்கிறது என்ற பார்வை. ஹேண்ட்லர் ஒரு விண்ணப்பத்துக்கு விடை சொன்னதும் அடுத்த விண்ணப்பத்துக்காக நீங்களே ஹேண்ட்லரை மறுபடி அழைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் எழுத்து, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஹேண்ட்லரை வைக்கும் சுதந்திரம். யூனிசனைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் விளைவுக்காக வருவதில்லை. ஒவ்வொரு வரையறையும் பெயரால் அல்லாமல் உள்ளடக்கத்தின் ஹேஷால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறியீட்டால்) அடையாளம் காணப்படுகிறது என்பதுதான் அதன் மையம். ஒரு ஃபங்ஷனை வேறு கணினிக்கு அனுப்பினால், அங்கே இல்லாத துணை வரையறைகளை ஹேஷ் வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பகிர்ந்த கணிப்பை ஓர் எபிலிட்டியாக வைத்து, அதே நிரலைச் சோதனைக்காக ஒரே கணினியில் ஒரு ஹேண்ட்லரால் ஓட்டலாம் என்னும்போது இரண்டு கருத்துகளும் அழகாகக் கைகோர்க்கின்றன. உங்கள் வேலை பல கணினிகளில் பரவியது என்றால் என் பரிந்துரையை மாற்றி இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிளிக்ஸ் டென்மார்க்கின் ஆர்ஹஸில் மாக்னுஸ் மாட்சன் தலைமையில் வளர்வது. ஜாவா நிரல்கள் ஓடும் ஜேவிஎம்மில் ஓடும், டேட்டாலாக் என்ற தர்க்க மொழியின் விதிகளை மொழிக்குள்ளேயே எழுதலாம். விளைவுகளை வரிசையாக வைக்காமல் பூலியன் சூத்திரங்களாக ('மற்றும்', 'அல்லது', 'இல்லை' சேர்ந்தவையாக) வைக்கிறது. அதனால் சேர்ப்பது மட்டுமின்றி விலக்குவதையும் சொல்ல முடிகிறது: "இந்த இரண்டு ஃபங்ஷன்களில் ஒன்றாவது தூயதாக இருக்க வேண்டும்" என்பது போன்ற நிபந்தனைகள். இன்னும் ஒரு படி மேலே, வாங்கிய ஃபங்ஷன் தூயதா என்று லைப்ரரியே கேட்டு, தூயது என்றால் இணையாகவோ சோம்பலாகவோ (தேவைப்படும்போது மட்டும்) ஓட்டலாம், இல்லையென்றால் வரிசைமாறாமல் ஓட்டலாம். டைப்பில் எழுதியது ஓட்டத்துக்கும் பயன்படுகிறது. ஜாவா லைப்ரரிகள் கைவசம் இருப்பதால் வேலைக்குச் சீக்கிரம் ஆகும் மொழி இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓகேமல் 5 இந்த வரிசையில் தனி ரகம். 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் ஹேண்ட்லர்கள் இருக்கின்றன. விளைவு டைப்புகள் இல்லை! ஒரு ஃபங்ஷன் என்ன விளைவைச் செய்யும் என்று டைப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாரும் கையாளாத விளைவு ஓடும் நேரத்தில் பிழையாக வந்து நிற்கும். இதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கோடிக்கணக்கான வரிகள் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட மொழிக்குள், பழைய நிரல்கள் பெரிதாக உடையாமலும் வேகம் பெரிதாகக் குறையாமலும், ஹேண்ட்லர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது தனிச் சாதனை. அந்த வேலையில் முன்நின்றவர்களில் சென்னை ஐஐடி பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணனும் ஒருவர். 2021-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். ஒரு கருத்தை ஆய்வு மொழியிலிருந்து பிழைப்பு மொழிக்கு எடுத்துச்செல்ல எத்தனை சிறு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டும் எழுத்து அது.

அவற்றில் ஒரு முடிவு நம் மூன்றாவது சோதனையைத் தொடுகிறது. ஓகேமலில் மிச்சவேலையை ஒரே ஒரு முறைதான் தொடரலாம். இரண்டாவது முறை தொடர முயன்றால் எக்செப்ஷன். ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கை நகல் எடுக்காமலே தொடர முடிவதால் வேகம் கிடைக்கிறது. கோப்பு, சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) பிடித்திருக்கும் பழைய நிரல்களும் பிழைக்கின்றன. பின்வாங்கித் தேடுதல் போன்ற அழகான உதாரணங்கள் இதனால் கைவிட்டுப் போகின்றன. பிழைப்புக்கான மொழிக்கு அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

ஐட்ரிஸ் 2 வேறு திசையிலிருந்து வருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் எட்வின் பிரேடி உருவாக்கியது. டைப்புக்குள் மதிப்புகளே வரலாம் என்பதோடு, ஒவ்வொரு மாறியும் எத்தனை முறை பயன்படுத்தப்படும் என்பதும் டைப்பில் ஏறுகிறது: 0, 1, அல்லது வரம்பில்லாமல். 0 என்றால் டைப் சரிபார்ப்புக்கு மட்டும். ஓடும் நேரத்தில் இருக்காது. 1 என்றால் சரியாக ஒருமுறை. திறந்த கோப்பை 1 என்று குறித்தால் அதை மூடாமல் விடவும் முடியாது, இருமுறை மூடவும் முடியாது; கம்பைலர் விடாது. என்னுடைய அந்த ஒரு வாரத்தை ஐட்ரிஸ் ஒரு நிமிடத்தில் முடித்திருக்கும்.

ஆனால் இங்கே எக்செப்ஷன் நுழைந்தால்? கோப்பைத் திறந்த பின், மூடுவதற்கு முன், நடுவில் பிழை எறியப்பட்டால் மிச்சவேலை குப்பைக்குப் போகிறது. அதோடு சேர்ந்து "சரியாக ஒருமுறை" என்ற வாக்குறுதியும் போகிறது. ஐட்ரிஸின் 'ஆப்' லைப்ரரி இதைத் தெரிந்தே, ஒரு கணிப்பு பிழை எறியக்கூடியதா இல்லையா என்பதை டைப்பில் வைத்துக்கொள்கிறது. ஒருமுறைப் பொருள்களைக் கையாளும் பகுதி எறியாததாக இருக்க வேண்டும். எண்ணிக்கையும் விளைவும் தனித்தனி வசதிகள் அல்ல, ஒன்றையொன்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். 2024-ல் எடின்பரோ வட்டத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, ஒவ்வொரு விளைவின் மிச்சவேலையும் எத்தனை முறை தொடரப்படலாம் என்பதையே டைப்பில் வைத்து இந்த ஓட்டையை அடைத்துக் காட்டியது. அந்த அடைப்பு கோக்காவின் வசதியோடு ஒரே மொழியில் வரும் நாளைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

எஃப்-ஸ்டார் மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு வரி சொல்கிறேன். அங்கே விளைவு என்பது "எந்த நிபந்தனை இருந்தால் இந்த முடிவு உறுதி" என்ற நிரூபணம் வரை போகிறது. அதில் எழுதி நிரூபித்த குறியாக்க நிரல் 2017 முதல் ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. ஆறு மாதத்தில் முடியும் காரியம் அல்ல.

இனி உங்கள் ஆறு மாதம். முதல் நிரலாகச் சிறிய பணி-ஒழுங்கமைப்பானை எழுதுங்கள். 'புதுப் பணி தொடங்கு', 'அடுத்தவருக்கு வழிவிடு' என்று இரண்டே விளைவுச் செயல்கள். ஹேண்ட்லர் மிச்சவேலைகளை ஒரு வரிசையில் போட்டு ஒவ்வொன்றாக எடுத்து ஓட்ட வேண்டும். கோக்காவில் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். பிறகு ஹேண்ட்லரை மட்டும் மாற்றி, வரிசைக்குப் பதில் தற்செயலாக ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பணிகளின் நிரலில் ஒரு எழுத்தும் மாறாது. இதையே எஃபெக்டில் எழுதும்போது மிச்சவேலைகளைச் சேமிக்கும் இடம் உங்களை நிறுத்தும். அங்கே எந்தச் சாவி எங்கே போகிறது என்று ஒரு மாலை முழுக்க யோசியுங்கள்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். இப்போது உங்களிடம் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடுக்கை எடுத்து, ஸ்டேட் வெளியே இருக்கிறதா, பிழை வெளியே இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர் மொழியில் அந்த வரிசை டைப்பிலிருந்து மறைந்து, ஹேண்ட்லர்களை எந்த ஒழுங்கில் சுற்றிவைக்கிறீர்கள் என்பதற்குள் போய்விடும். பிழை ஹேண்ட்லர் உள்ளேயும் ஸ்டேட் ஹேண்ட்லர் வெளியேயும் இருந்தால், பிழைக்கு முன் செய்த மாற்றங்கள் நிலைத்து நிற்கும். ஸ்டேட் ஹேண்ட்லர் உள்ளே இருந்தால் பிழை எறிந்ததும் அது மிச்சவேலையோடு சேர்ந்து போய்விடும். மாற்றங்கள் அனைத்தும் செல்லாதவையாகும். வங்கிக் கணக்கில் தொகை மாற்றும் நிரலுக்கு இரண்டாவது ஒழுங்கு வேண்டும், பதிவேடு எழுதும் நிரலுக்கு முதலாவது. உங்கள் நிரலுக்கு எது வேண்டும் என்பதை ஹாஸ்கெலில் இருக்கும்போதே ஒரு சோதனையாக எழுதி வைத்துவிட்டு, பிறகு கோக்காவை நிறுவுங்கள்.